ஆனியில் பார்த்த வீட்டை மார்கழியிலும் பாருங்கள்

கேள்வி: எனக்கு 64 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமாகி நான்கு வருடமாகிறது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் தனியே இருக்கிறேன். மகன் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கிறான். போன வருடம் ஆனி, ஆடி இரண்டு மாதமும் அங்கே நின்றேன். சொர்க்கம் போல இருந்தது. இப்போது "வீட்டை வித்துப்போட்டு ஒரேயடியா வாங்கோ அம்மா" என்கிறான். தங்கையோ "அந்தக் குளிருக்கை போய்ச் சாகப் போறியோ" என்று ஏசுகிறாள். "ரெண்டு வின்ரர் போனால் எல்லாம் பழகிடும்" என்பது மகனின் பேச்சு. நுவரெலியாவில் மூன்று வருடம் படிப்பித்தவள் நான். குளிர் எனக்குப் புதிதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?
– வெள்ளவத்தை வாசகி

அன்புள்ள ரீச்சர்,

முதலில் நுவரெலியாவை மறந்துவிடுங்கள். அங்கே வீட்டுக்குள்ளும் குளிரும், வெளியிலும் குளிரும். ஒரு சுவெற்றரும் ஒரு பிளேன்ரீயும் இருந்தால் சமாளிக்கலாம். ரொறன்ரோவில் வீட்டுக்குள் 21 பாகையில் பருத்திச் சேலையோடு இருக்கலாம். கதவைத் திறந்தால் மைனஸ் 10. அதிலும் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் முகத்துக்கு அது மைனஸ் 20 மாதிரித்தான். நுவரெலியாவில் ஒரு நாள் புல்லில் உறைபனி படிந்தால் மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. ரொறன்ரோவில் தை மாதத்தில் அதை யாரும் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை.

ஆனாலும் தங்கை பயப்படுவது போலக் குளிர் உங்களைத் தின்றுவிடாது. காசு கொடுத்தால் நல்ல ஜக்கெற் கிடைக்கும், பூட்ஸ் கிடைக்கும். நான் பயப்படச் சொல்வது இருட்டுக்கு.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று போய் ஒரு பனிக்காலம் முழுக்க ரொறன்ரோவில் நின்றவள் நான். போன முதல் கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சரிந்தேன். கண் விழித்தால் யன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. 'அடடா, பொழுதுபட்டும் விளக்கேற்றவில்லையே' என்று பதறி எழும்பி, முகம் கழுவி, விளக்கேற்றி, தேவாரமும் பாடி, இரவுக்குப் பிட்டுக்கு மாக் குழைக்கத் தொடங்கிவிட்டேன். மூத்த பேரன் பள்ளிக்கூடப் பையைக்கூட இன்னும் கழற்றவில்லை. "அம்மம்மா, இப்ப அஞ்சு மணிதான்" என்றான். சிரித்தேன். ஒரு மாதம் போனபின் அந்தச் சிரிப்பு வரவில்லை.

கொழும்பில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. ஆறு, ஆறரைக்குள் பொழுதுபடும் என்பது நம் உடம்புக்குள் எழுதிக்கிடக்கிறது. நீங்கள் ஆனியில் ரொறன்ரோவில் நின்றபோது இரவு 9 மணிக்கும் வெளிச்சமிருந்திருக்கும். பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். மார்கழியில் அதே ஊரில் பகல் 9 மணித்தியாலம்கூட இல்லை, 4.40 மணிபோலச் சூரியன் மறைந்துவிடும். சூரியன் இருக்கிற நேரத்திலும் பாதி நாள் முகில்தான். இத்தனைக்கும் ரொறன்ரோ அவ்வளவு வடக்கில்லை. ஒஸ்லோவிலுள்ள நம்மவர்களுக்கு மார்கழிப் பகல் 6 மணித்தியாலம். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் போன நம் பிள்ளைகளுக்கு இரண்டு மாதமளவில் சூரிய உதயமே கிடையாது.

இந்த இருட்டு மனதை அமுக்கும். இது சோம்பலோ செல்லமோ இல்லை, 'பருவகால மனச்சோர்வு' என்று வைத்திய உலகம் பெயர் வைத்த நோய். தென்னாபிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன நோர்மன் ரோசென்தால் என்ற மனநல வைத்தியர், பனிக்காலம் வந்தால் தனக்கே உற்சாகம் வடிந்துபோவதைக் கவனித்தவர். 1984இல் அவரும் கூட்டாளிகளும் இதை விவரித்து எழுதினார்கள். நித்திரை கூடும், சோறு பாண் என்று மாச்சாப்பாட்டுக்கு நாக்கு அலையும், உடம்பு வைக்கும், ஆட்களோடு கதைக்கவே மனம் வராது. எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் மருந்தும் இருக்கிறது. அதற்கென்றே விற்கும் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்குக்கு முன்னால் காலையில் அரை மணித்தியாலம் இருப்பது அதிலொன்று. கண்வருத்தம் இருந்தால் வைத்தியரைக் கேட்டபின்தான் அந்த விளக்கு.

இந்த இடத்தில் ஒரு விஷயம் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மாலை ஐந்து மணிக்கு மனம் பாரமாகி தங்கையோடு கதைக்கலாம் என்று போனை எடுத்தால், கொழும்பில் அதிகாலை 3.30. நான் எத்தனை நாள் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

வெயிலோடு சேர்ந்து விற்றமின் டியும் போய்விடும். அந்த அகலக்கோட்டில் கார்த்திகை தொடங்கி மாசி வரை வெயில் சாய்வாக விழுவதால் தோல் அதைப் போதியளவு உண்டாக்காது. நம்முடைய கறுத்தத் தோலுக்கு இன்னும் கஷ்டம். யன்னலோரம் கதிரை போட்டு வெயில் காய்ந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்த வேலை நடக்காது. போகுமுன் இங்குள்ள வைத்தியரிடம் எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டு வையுங்கள். பிரஷர், தொய்வு இருந்தால் அதையும் சொல்லுங்கள். குளிரில் இரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும், தொய்வுக்காரருக்கு மூச்சு முட்டும்.

இனிக் கால்கள். இன்றைக்கு நீங்கள் நினைத்தவுடன் செருப்பைக் கொழுவிக்கொண்டு கீழே இறங்குகிறீர்கள். சந்தையில் மீன், கோயில், காலி வீதியில் கையைக் காட்டினால் பஸ், இல்லையென்றால் ஓட்டோ. யாரையும் கேட்கத் தேவையில்லை. அங்கே மகனும் மருமகளும் விடிய வேலைக்குப் போனால் இருட்டியபின்தான் வருவார்கள். பஸ் இருக்கிறதுதான், ஆனால் அந்தத் தரிப்பிடத்துக்குப் போவதற்கு உள்ளுடுப்பு, அதற்கு மேல் சுவெற்றர், ஜக்கெற், கழுத்துத்துணி, தொப்பி, இரண்டு மேஸ், பூட்ஸ் என்று கால் மணித்தியாலம் உடுத்தவேண்டும். கையுறை போட்டபின்தான் திறப்பு உள்சட்டைப் பைக்குள் இருப்பது ஞாபகம் வரும். எல்லாம் முடித்து வாசலுக்கு வந்தால் படியில் கண்ணாடி போல ஐஸ். மழை விழுந்த இடத்திலேயே உறையும் நாட்களில் தார் றோட்டு வெறும் ஈரமாகத்தான் தெரியும். கால் வைத்தால் ஆள் மல்லாக்க. 64 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழும்புவது லேசில்லை. சிறிய அடி, பாதம் முழுவதையும் வைத்து, தாரா நடப்பது போல நடக்கவேண்டும். அதுவும் பழகும். ஆனால் 'ஏன் இவ்வளவு பாடு, வீட்டிலேயே இருப்போம்' என்று நினைப்பதும் பழகிவிடும். மகன் சொல்லும் 'பழகிடும்' எது என்று யோசியுங்கள்.

வறண்ட காற்றில் உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கால் இரத்தம் வரும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று கரண்ட் அடிக்கும். இவை சில்லறை, தேங்காய் எண்ணெய் போத்தல் ஒன்று கொண்டுபோங்கள். ஒன்றுமட்டும் சில்லறையில்லை. 2013 மார்கழியில் ஐஸ் மழை பெய்து மரங்கள் முறிந்து, ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின்பாவனையாளர்களுக்குக் கரண்ட் போனது. அப்படியொரு நாளில் என்ன குளிரென்றாலும் வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

நல்லதையும் சொல்லவேண்டும். தை மாதம் அங்கே தமிழ் மரபுத் திங்கள், மண்டபங்கள் நிறைந்திருக்கும். பட்டுச்சேலைக்குக் கீழே பனிச்சப்பாத்தும், கையில் ஒரு பையில் நல்ல செருப்புமாக நம் பெண்கள் வந்திறங்கும் காட்சிக்கே ஒரு தரம் போகலாம். பொங்கலை மின்னடுப்பில் பொங்கி, புகை எச்சரிக்கை மணி அலறாமல் ஒருவர் துவாயால் விசிறிக்கொண்டு நிற்க, சூரியன் எந்தப் பக்கமாக இருக்கக்கூடும் என்று ஊகித்துக் கும்பிட்டோம்.

ஆகவே வீட்டை இப்போது விற்காதீர்கள். கார்த்திகை நடுப்பகுதியில் போய் பங்குனி முடியத் திரும்புங்கள். பழைய வருகை விசா செல்லுபடியானால் வழக்கமாக 6 மாதம் வரை நிற்கலாம். பிறகு கூடக்காலம் நிற்க விரும்பினால் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரு தடவைக்கு 5 வருடம் வரை இருக்கலாம். அதற்குக் குறைந்தது 1 இலட்சம் கனடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி காட்டவேண்டும். இதற்கெல்லாம் வெள்ளவத்தை வீட்டை விற்கத் தேவையில்லை.

மகனிடம் இப்போதே இரண்டு விஷயம் கேளுங்கள். உங்களுக்கு ஒதுக்கும் அறை பேஸ்மென்றிலா, மேலேயா? மேலே, தெற்குப் பார்த்த யன்னலுள்ள அறையாகக் கேளுங்கள். தாய் கேட்பதில் வெட்கமில்லை. பகலில் நடந்தே போகக்கூடிய தூரத்தில் நூலகமோ கோயிலோ முதியோர் கூடும் இடமோ இருக்கிறதா? இல்லையென்றால், கிழமைக்கு இரண்டு தரமாவது உங்களைக் கூட்டிப்போக ஆளை இப்போதே ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள். பனி அள்ளும் சவளைமட்டும் தொடாதீர்கள். "சும்மா இருக்கிறன்தானே" என்று தொடங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.

ஜக்கெற்றை இங்கே வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம், அங்கே போய் வாங்குங்கள். பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும். இறுகினால் இரத்தம் ஓடாமல் விரல் இன்னும் விறைக்கும்.