குவாசார் ஒளி சிவப்பது தூசியாலா, செம்பெயர்ச்சியாலா?

"குவாசாரின் ஒளியைத் தூசி சிவப்பாக்குகிறது என்கிறார்கள், செம்பெயர்ச்சியும் அதையேதானே செய்கிறது?" என்பது உங்கள் கேள்வி. இல்லை, இரண்டும் வேறு வேறு. குவாசார் என்பது தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவில், ராட்சதக் கருந்துளையில் விழும் வாயு சூடேறி ஒளிரும் மையம். செம்பெயர்ச்சி என்பது, பிரபஞ்சம் விரிவதால் நம்மிடம் வரும் ஒளியின் அலைநீளம் நீண்டுவிடுவது.

முதலில் தூசி. போகியன்று செல்லூரில் எங்கள் தெருவில் நின்றால், காலை ஏழரை மணிக்கும் சூரியன் புகைக்குள் செக்கச்செவேலென்று இருக்கும். அதே சூரியனை மேலூர்ப் பக்கம் ஜல்லி லாரி கிளப்பிவிட்டுப் போன புழுதி வழியே பாருங்கள். மங்கும், ஆனால் அந்த அளவுக்குச் சிவக்காது. துகளின் அளவுதான் காரணம். புழுதித் துகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோல மறிக்கும். புகைத் துகள் மிகப் பொடி. நீலத்தை அதிகம் விழுங்கும், சிதறடிக்கும். சிவப்பு தப்பி வந்துவிடும்.

குவாசாரைச் சுற்றியிருப்பதும் புகை மாதிரிப் பொடிதான்: சிலிக்கேட்டும் கரியும். கருந்துளைக்கு மிக அருகில் சூடு சுமார் 1500 கெல்வினைத் தாண்டிவிடுவதால் அங்கே தூசி ஆவியாகிவிடும். அதற்கு வெளியேதான் தங்கும். விழுங்கிய ஒளியில் சூடேறி, அதை அகச்சிவப்பாகத் திருப்பி உமிழும்.

சரி, செம்பெயர்ச்சி? இந்தப் பெயர்தான் குழப்புகிறது. 1963-இல் வானியலாளர் மார்ட்டின் ஷ்மிட், 3சி 273 என்ற குவாசாரின் செம்பெயர்ச்சி 0.158 என்று கண்டுபிடித்தார், அதாவது அலைநீளங்கள் 15.8 விழுக்காடு நீண்டிருக்கின்றன. ஒளியை நிறம்நிறமாகப் பிரித்தால் ஹைட்ரஜன் 486 நானோமீட்டர் அலைநீளத்தில் காட்டும் பளிச்சென்ற கோடு அதில் 563-இல் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குவாசார் நீலம் கலந்த வெள்ளைதான்! எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் நகர்கின்றன, புற ஊதா ஒளி நீலத்தின் இடத்துக்கு வந்து நிரப்பிவிடுகிறது.

தூசி எந்தக் கோட்டையும் நகர்த்தாது. ஹைட்ரஜனின் 656-இல் உள்ள சிவப்புக் கோட்டைவிட 486-இல் உள்ள கோட்டை அதிகமாக மங்கவைக்கும், அவ்வளவுதான். இரண்டின் பிரகாச விகிதத்தை அளந்தால் வழியில் எவ்வளவு தூசி என்று கணக்கிடலாம். எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

அப்புறம் இன்னொன்று. குவாசார்களை வெகுகாலம் நீலப் புள்ளிகளாகத்தான் தேடினார்கள், அதனால் தூசி மூடியவை பலவும் கண்ணில் படவே இல்லை. 1997 முதல் 2001 வரை 2மாஸ் ஆய்வு வானம் முழுவதையும் அகச்சிவப்பில் படமெடுத்தது. அந்தப் பட்டியலில் தேடியபோதுதான் சிவந்த குவாசார்கள் பல அகப்பட்டன.