18 பழைய சிஸ்கோ போனை எடைக்குப் போடணுமா, ஆஸ்டெரிஸ்க்ல ஓட்டலாமா?

பல்லடத்துப் பக்கம் நிட்டிங் யூனிட் வெச்சிருக்கற ஒருத்தர் கேட்டிருக்காருங்க. கோயமுத்தூர்ல காலி பண்ணுன ஒரு ஆபீஸ்ல இருந்து சிஸ்கோ டேபிள் போன் 18 ஒட்டுக்கா வாங்கியிருக்காரு, 12 வந்து 7960, 6 வந்து 7941. கரண்டு குடுத்தா பழைய சர்வரைத் தேடிட்டே நிக்குதாம். இண்டர்காம் போடறவரு "இது அவங்க சிஸ்டத்துல மட்டுந்தான் ஓடும், எடைக்குப் போட்டுருங்க"ன்னுட்டாராம். ஷெட்டு, ஆபீஸ், குடோன், கேட்டு எல்லாத்துக்கும் இதையே ஆஸ்டெரிஸ்க்ல (கம்ப்யூட்டரையே டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக்கற இலவச சாஃப்ட்வேர்) போட முடியுமான்னு கேள்வி.

போடலாமுங்க, தயவு செஞ்சு எடைக்குப் போட்றாதீங்க. பழைய ஈபிஏபிஎக்ஸோட (ஆபீசுக்குள்ள வெக்கற எக்ஸ்சேஞ்ச் பெட்டி) வர்ற ரெண்டு ஒயர் டிஜிட்டல் போனா இருந்திருந்தா நானும் போடத்தான் சொல்லியிருப்பேன், அதுல நெட்வொர்க்கே கிடையாது. உங்களது ஐபி போன், நெட்வொர்க் கேபிள்ல ஓடறது. கரண்டு வந்ததும் டிஹெச்சிபில (நெட்வொர்க்ல ஒவ்வொண்ணுக்கும் அட்ரஸ் குடுக்கறது) ஒரு ஐபி வாங்கும், ஃபைல் எடுத்துக் குடுக்கற டிஎஃப்டிபி சர்வர் எங்கன்னு பாக்கும், அங்க போயி தன்னோட மேக் அட்ரஸ் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற நம்பர்) பேர்ல இருக்கற ஃபைலைக் கேக்கும், அதுல எந்த சர்வர்னு எழுதியிருக்கோ அங்க ரிஜிஸ்டர் ஆயிக்கும், அவ்வளவுதான். அந்த ஃபைலை நீங்க எழுதிக் குடுத்தா போன் உங்க பேச்சைக் கேக்கும்.

இதுக்கு ராஸ்பெரி பை 4-ங்கற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தாராளமா போதும், அதுலயே ஆஸ்டெரிஸ்க், டிஎஃப்டிபி ரெண்டும் ஓட்டிக்கலாம். டிஹெச்சிபில, டிஎஃப்டிபி சர்வர் எங்கன்னு போனுக்குச் சொல்ற ஆப்ஷன் 150-ல அந்த பையோட ஐபியைக் குடுக்கணும். பிராட்பேண்டோட வர்ற ரவுட்டர்ல பெரும்பாலும் அந்த ஆப்ஷன் இருக்காது, அப்ப டிஎன்எஸ்மாஸ்க்ங்கற சாஃப்ட்வேரைப் போட்டு டிஹெச்சிபியையும் பைலயே ஓட்டிட்டு ரவுட்டர்ல அதை ஆஃப் பண்ணிருங்க, ரெண்டும் ஓடுச்சுன்னா ஒரு நாள் வேலை செய்யும் ஒரு நாள் செய்யாது, தலைவலி.

இப்ப ஒண்ணு கெட்டியா சொல்றேன். வீடியோ பாத்துட்டு 7941-ல ஹேஷை அமுக்கிப் புடிச்சுட்டு 123456789*0# அடிச்சு ரீசெட் பண்ணிராதீங்க. அது செட்டிங்கை மட்டும் அழிக்காது, உள்ள இருக்கற ஃபர்ம்வேரையும் (போனை ஓட்டற சாஃப்ட்வேர்) சேத்து அழிச்சுரும், அப்புறம் டிஎஃப்டிபில ஃபர்ம்வேர் ஃபைல் இல்லீன்னா போன் அப்கிரேடிங்னு காட்டிட்டு அப்படியே நிக்கும். அந்த ஃபைலை சிஸ்கோ எல்லாருக்கும் சும்மா குடுக்கறதில்லைங்க. அதனால முதல்ல செட்டிங்ஸ்ல போயி லோட் ஃபைல் (இப்ப போன்ல இருக்கற ஃபர்ம்வேர்) பேரைப் பாருங்க. 7941-ல எஸ்ஐபின்னு (எல்லா கம்பெனிக்கும் பொதுவான முறை) ஆரம்பிச்சா உங்க அதிர்ஷ்டம், நேரா ஆஸ்டெரிஸ்க்கோட எஸ்ஐபி டிரைவரான பிஜேசிப்ல சேத்தரலாம். எஸ்சிசிபின்னு (சிஸ்கோவோட சொந்த முறை, ஸ்கின்னின்னும் சொல்லுவாங்க) ஆரம்பிச்சாலும் வெசனப்படாதீங்க, ஃபர்ம்வேரை மாத்தாமயே சான் எஸ்சிசிபிங்கற தனி மாட்யூலைப் போட்டு ஓட்டலாம். ஆஸ்டெரிஸ்க்ல கூடவே வந்துட்டிருந்த ஸ்கின்னி டிரைவரை 21-வது வெர்ஷன்ல எடுத்துட்டாங்க, அதை நம்பாதீங்க. சான் எஸ்சிசிபி எந்த வெர்ஷனுக்கு வருதுன்னு பாத்துட்டு அப்புறமா ஆஸ்டெரிஸ்க் போடுங்க, மாத்திப் போட்டா ரெண்டு தடவ வேலை.

எஸ்ஐபில வர்ற பழைய 7941-ல ஒரு சேட்டை உண்டு. ரிஜிஸ்டர் கேக்கறது ஒரு போர்ட்ல இருந்து, பதிலை எதிர்பாக்கறது 5060-ல. பிஜேசிப்ல ஃபோர்ஸ் ஆர்போர்ட்டை (கேட்ட போர்ட்டுக்கே பதில் அனுப்ப வெக்கற செட்டிங்) நோ போடலீன்னா போன் ரிஜிஸ்டரிங்னே காட்டிட்டிருக்கும், நீங்க பாஸ்வேர்டு தப்போன்னு மணிக்கணக்கா தேடிட்டிருப்பீங்க. பாஸ்வேர்டையும் சின்னதா வெச்சுக்கங்க, ரொம்ப நீளமா இருந்தா இந்தப் போனு ஏத்துக்காது.

கரண்டு விசயம் வேற. 7941 சாதாரண பிஓஇ ஸ்விட்ச்ல (நெட்வொர்க் கேபிள்லயே கரண்டும் குடுக்கறது) எந்திரிச்சுக்கும். 7960 சிஸ்கோவோட பழைய முறையில மட்டுந்தான் கரண்டு எடுக்கும், இப்பத்த ஸ்விட்ச்ல சொருகுனா செத்த மாதிரி கிடக்கும், போன் போயிருச்சுன்னு நெனச்சுராதீங்க, 48 வோல்ட் அடாப்டர் வேணும். பன்னெண்டுக்கும் அடாப்டர் வாங்கற விலையைப் போட்டுப் பாத்துட்டு எத்தனை வேணும்னு முடிவு பண்ணுங்க. ஷெட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவுல வெளிய இழுக்கற கேபிளு மட்டும் ஃபைபரா போட்டுருங்க, ஒரு இடி இடிச்சா காப்பர்ல ஸ்விட்ச், போன் எல்லாம் ஒண்ணா போயிரும்.

முதல்ல ஒரே ஒரு 7941-ஐ சொருகி டிஎஃப்டிபி லாகைத் தொறந்து வெச்சுட்டு உக்காருங்க. எஸ்ஈபின்னு ஆரம்பிச்சு மேக் அட்ரஸோட ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலைக் கேட்டு ஒரு வரி வரும், அதே பேர்ல, பெரிய எழுத்து சின்ன எழுத்து கூட மாறாம ஃபைலை வைங்க. கேட்டு வாங்கிட்டும் ஏத்துக்கலீன்னா பழைய ஆபீசோட செக்யூரிட்டி சர்டிபிகேட் போன்ல ஒட்டியிருக்கலாம், அப்படின்னா செக்யூரிட்டி மெனுவுல போயி அதை அழிக்கணும். லோட் ஃபைல் பேரை எழுதி அனுப்புங்க, எந்த வழின்னு பாத்துச் சொல்றேன்.