கொடுத்த பிரிண்டை யாரும் நகலெடுக்காமல் இருக்க: கேள்வி பதில்

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த், கல்யாணப் படம் எடுப்பவர்): ஆல்பத்துக்குத் தேர்வு செய்யச் சொல்லி 10×15 செ.மீ. பிரிண்டுகளைக் கொடுத்தால், ஸ்கேன் செய்து வெளிக் கடையில் போட்டுக்கொள்கிறார்கள். தடுக்க முடியுமா?

பதில்: முழுதாக முடியாது. கண்ணுக்குத் தெரிவது ஸ்கேனருக்கும் தெரியும். நகல் மோசமாக வரும்படி செய்யலாம், அவ்வளவே. அந்த அளவு பிரிண்டை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1181×1772 பிக்சல் கிடைக்கும். ஏ4 ஆகப் பெருக்கினாலும் 140 டிபிஐக்குக் குறையாது. சுவரில் மாட்ட அது போதும். அதனால் தேர்வுக்கு அந்த அளவைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு ஏ4 தாளில் வரிசைக்கு நான்காக 16 படம், ஒவ்வொன்றும் 4×6 செ.மீ., கீழே எண். யார் கண் மூடியிருக்கிறார் என்று பார்க்க இது தாராளம். இதை 10×15க்குப் பெருக்கினால் 120 டிபிஐதான், முகம் குழைந்துவிடும். லேப் 300 டிபிஐயில் அச்சிட்டிருந்தால், ஸ்கேனரை 1200க்கு ஏற்றினாலும் இல்லாத விவரம் வராது.

வாட்டர்மார்க் (படத்தின் மேல் மெலிதாகப் பதிக்கும் பெயர்) போடுவதானால் மூலையில் வேண்டாம், கத்தரித்துவிடுவார்கள். வெறும் சுவர், வானம் மேலும் வேண்டாம், போனிலேயே துடைத்துவிடலாம். சேலைக் கரை, மாலை, நகை மேல் சாய்வாக, 20–25 சதவீத அடர்த்தியில் ஓடவிடுங்கள். அதை அழித்தால் கரையின் வேலைப்பாடும் சேர்ந்து கெடும். செயலி இட்டு நிரப்பும் போலிக் கரையைப் பெண்வீட்டார் உடனே கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): சொரசொரப்பான சில்க் பேப்பரில் போட்டால் ஸ்கேன் ஆகாது என்கிறார்களே?

பதில்: ஓரளவு உண்மை. ஸ்கேனர் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுவதால் ஒவ்வொரு மேடும் வெள்ளைப் புள்ளியாகப் பதியும். ஆனால் பிரிண்டை 180 டிகிரி திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்து இரண்டையும் கலந்தால் புள்ளிகள் பெரும்பாலும் அடங்கும். விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் (பளபளப்பை அடக்கும் வடிகட்டி) போட்டுப் படமெடுத்தாலும் அப்படியே. சும்மா போனில் எடுப்பவரைத் தடுக்கும், வேலை தெரிந்தவரைத் தடுக்காது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): பின்பக்கம் பெயர் முத்திரை குத்தினால் மை அடுத்த பிரிண்டின் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது.

பதில்: போட்டோத் தாளின் முதுகு பிளாஸ்டிக் பூச்சு. நீர் கலந்த மை அதில் ஊறாது, மேலேயே நிற்கும். பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் சீக்கிரம் காயும் மை வாங்குங்கள். காய்ந்த பிறகே அடுக்குங்கள். பால்பாயின்ட் கூடாது, அழுத்தம் முன்பக்கம் பள்ளமாகத் தெரியும். முத்திரை நகலைத் தடுக்காது. ஆனால் பெயர், ஆண்டு, பதிப்புரிமைக் குறி மூன்றும் இருந்தால், ‘யாருடையது என்று தெரியாது’ என்று கடைக்காரர் சொல்ல முடியாது.

கேள்வி (டர்பன்): காசு கொடுத்தது நாங்கள். அப்படியிருக்க, படம் எப்படி போட்டோகிராபருடையது ஆகும்?

பதில்: தென்னாப்பிரிக்காவில் உங்கள் பக்கம்தான் சட்டம். 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 21(1)(சி): காசு கொடுத்து, அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, எடுக்கச் சொன்னவருக்கே. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டும் மாறும். பல போட்டோகிராபர்கள் இது தெரியாமல் வாட்டர்மார்க்கை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டோகிராபர்களே, முன்பணம் வாங்கும் முன்பே, ‘பதிப்புரிமை போட்டோகிராபருக்கு, வீட்டு உபயோகத்துக்கு இத்தனை பிரிண்ட்’ என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வேலை முடிந்தபின் என்றால் உரிமை மாற்றமே எழுத்தில், உரிமையை விட்டுக்கொடுப்பவர் கையெழுத்தோடு வேண்டும். யாரும் சொல்லாமல் நீங்களாகவே காவடித் திருவிழாவில் எடுத்த படம் உங்களுடையது. பதிவு எதுவும் தேவையில்லை.

கேள்வி (கண்காட்சி வைப்பவர்): கண்ணாடி போட்டால் போதுமா?

பதில்: சாதாரணக் கண்ணாடியே நல்லது, பிரதிபலிப்பு போன் படத்தைக் கெடுக்கும். விலை உயர்ந்த பிரதிபலிக்காத கண்ணாடி பார்ப்பவருக்கு எவ்வளவு வசதியோ, நகலெடுப்பவருக்கும் அவ்வளவு வசதி.

கேள்வி (டோங்காட்): 1962இல் ஸ்டூடியோவில் எடுத்த பாட்டியின் படத்தை நகலெடுக்கக் கடையில் மறுக்கிறார்கள்.

பதில்: வெளியிடப்படாத போட்டோவுக்குப் பாதுகாப்பு, எடுத்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. வீட்டு ஆல்பத்திலேயே இருந்த படமென்றால் 2012 முடிவோடு தீர்ந்தது. பின்பக்கத்துத் தேதியைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். தேதி இல்லையென்றால், எடுத்த ஆண்டை எழுதிக் கையெழுத்திட்டு ஒரு தாள் கொடுங்கள்.