நிதி ஆலோசகர் ஆக தனிப் பட்டம் வேண்டுமா?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் முடித்துவிட்டாள், நிதி ஆலோசகர் ஆகணும் என்கிறாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் 'பைனான்சியல் பிளானிங்' என்றே பெயர் போட்ட பிபிஏ இருக்கிறது, கட்டணம் பி.காமைப் போல மூன்று மடங்கு. சேர்க்கலாமா?

பதில்: பெயருக்காக மட்டும் என்றால் வேண்டாம். கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல செபியில் (பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கேட்பது ஒரு பட்டமும், செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 10-ஏ, 10-பி தேர்வுகளில் தேர்ச்சியும்தான். முன்பு முதுநிலைப் பட்டம், ஐந்து வருட அனுபவம் என்றெல்லாம் இருந்தது. 2024 டிசம்பர் திருத்தத்தில் அதைத் தளர்த்திவிட்டார்கள், பி.காமே தாராளமாகப் போதும்.

ஆனால் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வருமான வரி, காப்பீடு, ஓய்வூதியம், உயில் நான்கும் இருக்கிறதா, இல்லை பங்குச்சந்தைக் கோட்பாட்டோடு முடிந்துவிடுகிறதா? நான் பார்க்கிற இளைஞர்கள் பலருக்கு போர்ட்போலியோ சூத்திரம் தலைகீழாகத் தெரியும், ஒரு எண்டோமென்ட் பாலிசியை (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) கையில் கொடுத்தால் முழிக்கிறார்கள். வருடம் 50,000 ரூபாய் வீதம் 20 வருடம் கட்டி, 20-வது வருட முடிவில் 18 லட்சம் வருகிறது என்று வையுங்கள். '10 லட்சத்துக்கு 8 லட்சம் லாபம்' என்பார் ஏஜென்ட், கேட்க நன்றாகத்தான் இருக்கும். எக்செல்லில் ஐஆர்ஆர் (பணம் கட்டிய, வந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்கும் வருமான விகிதம்) போட்டால் ஆண்டு வருமானம் 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இந்தக் கணக்கை மாணவர்களையே போட வைக்கிற கல்லூரி என்றால் கூடுதல் கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று, 'பிளேஸ்மென்ட்' என்று காட்டுவதில் எது ஆலோசகர் வேலை, எது விற்பனை வேலை என்று கேளுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு என்ஐஎஸ்எம் 5-ஏ தேர்வு, ஆம்ஃபி (மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கம்) தரும் ஏஆர்என் என்ற பதிவு எண், வருமானம் ஃபண்ட் நிறுவனம் தரும் கமிஷன். செபி ஆலோசகருக்கு வாடிக்கையாளர் தரும் கட்டணம் மட்டும். ஒரே வாடிக்கையாளரிடம் இரண்டையும் செய்ய முடியாது. ஆரம்பத்தில் கமிஷன் பக்கம்தான் வேலை சுலபமாகக் கிடைக்கும், அது தப்பில்லை, தெரிந்து போகட்டும்.

என்னைக் கேட்டால் பக்கத்தில் இருக்கிற நல்ல கல்லூரியில் பி.காம், இரண்டாம் வருடத்தில் 5-ஏ (பான் கார்டு எடுத்து வையுங்கள்), பட்டம் முடிந்ததும் 10-ஏ, 10-பி. சிஎஃப்பி (சர்டிஃபைட் பைனான்சியல் பிளானர்) சான்றிதழ் மதிப்புள்ளதுதான், ஆனால் செலவும் கூட. வேலையில் சேர்ந்து அவளே சம்பாதித்துப் படிக்கட்டும், சில நிறுவனங்கள் அந்தக் கட்டணத்தைத் திருப்பியும் தருகின்றன.