நாளைக்கு வரச் சொல்லுக்கா

(கடிதம் எழுதிய சகோதரி தன் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ஐயா,

என் தம்பி போன வருடம் ஈரல் கெட்டு இறந்துபோனான். குடிதான் காரணம். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டதால் வீட்டில்தான் வைத்திருந்தோம். சாமியாரைக் கூப்பிட்டு நோயில்பூசுதல் (நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசித் தரும் சடங்கு) கொடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நாளைக்கு வரச் சொல்லுக்கா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். விடிகாலை நான்கு மணிக்குப் போய்விட்டான்.

சில மாதம் முன்பு ஒரு தியானத்தில் பேச வந்தவரிடம் இதைச் சொன்னேன். "கடவுள் யாரை முன்குறித்தாரோ அவர்களுக்கு அருள் கொடுப்பார், அவர்கள் மனம் திரும்புவார்கள். உங்கள் தம்பி திரும்பவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்" என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மனம் திரும்பவே அருள் வேண்டும் என்றால், அதை அவனுக்கு ஏன் கொடுக்கவில்லை? கொடுக்காதது அவர், தண்டனை இவனுக்கா? இல்லை, எல்லாம் அவனவன் கையில் என்றால், இருபது வருடமாக நான் அவனுக்காக ஜெபமாலை சொன்னது எதற்கு? நம் திருச்சபைக்குள்ளேயே இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்ததாமே. கடைசியில் யார் ஜெயித்தார்கள்?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் ஜெயிக்கவில்லை. அது நல்லதுதான் என்பது என் எண்ணம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால், தியானத்தில் கேட்ட பதிலை மனதிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள். அது கத்தோலிக்கப் போதனை இல்லை. 1547 ஜனவரி 13ஆம் தேதி திரெந்து பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் பெரிய கூட்டம்) வெளியிட்ட தீர்மானத்தில், 17ஆவது விதி இதைப் பற்றித்தான் பேசுகிறது. வாழ்வுக்கு முன்குறிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அருள் கிடைக்கும், மற்றவர்கள் அழைக்கப்பட்டாலும் தீமைக்கென்று முன்குறிக்கப்பட்டதால் அருள் பெறுவதில்லை என்று சொல்பவரை அந்த விதி சபைக்குப் புறம்பானவர் என்கிறது. அதற்கும் ஆயிரம் வருடம் முன்பே, 529இல், பிரான்சின் தெற்கில் ஒராஞ்சு என்ற ஊரில் கூடிய ஆயர்கள், கடவுள் யாரையாவது தீமைக்கென்று முன்குறிக்கிறார் என்ற எண்ணத்தை அருவருப்போடு தள்ளிவிட்டார்கள். திரெந்து இன்னொன்றும் சொல்கிறது: தனிப்பட்ட வெளிப்பாடு கிடைத்தாலன்றி, தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று ஒருவராலும் உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியாது. தன்னைப் பற்றியே தெரியாது என்றால், முகம்கூடப் பார்த்திராத உங்கள் தம்பியைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? துக்கத்தோடு வந்து நின்ற ஒருத்தியிடம் அப்படிச் சொன்னதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, அந்தச் சண்டைக்கு வருகிறேன்.

1588இல் லிஸ்பனில் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் லூயிஸ் தெ மோலினா, ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு. கடவுளின் அருளும் மனிதனின் மனச்சுதந்திரமும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதுதான் பொருள். அதை எதிர்த்து நின்றவர் தோமினிக் சபைக் குரு தொமிங்கோ பாஞெஸ். சலமாங்கா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், புனித அவிலா தெரேசாளுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு. இரண்டு பேருமே ஜெபிக்கிறவர்கள், படித்தவர்கள். இரண்டு பேருமே, அருளைப் பற்றி நிறைய எழுதிய பழைய காலத்து ஆயர் புனித அகுஸ்தினாரை மதித்தவர்கள்.

அருள் முந்திக்கொள்ள வேண்டும் என்பதில் இவர்களுக்குள் சண்டையே இல்லை. அருள் இல்லாமல் மனிதன் தன் சொந்தப் பலத்தாலேயே நல்லவனாக வாழலாம் என்ற பெலாஜியுஸின் போதனையை 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் தள்ளிவிட்டார்கள்; கடவுள் பக்கம் முதல் அடிகூடச் சொந்தப் பலத்தால் எடுத்து வைக்க முடியாது என்பதும் 529இல் ஒராஞ்சிலேயே முடிந்துபோன விஷயம். என் பாட்டி கடைசிவரை பழைய மங்கள வார்த்தை ஜெபத்தைத்தான் சொன்னார்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே." பிரியத்தோடு தத்தம் பண்ணியது, அதாவது அன்பாய்க் கொடுத்தது. அருளுக்கு அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. கூலியாக வாங்குவதற்கு யாரும் பிரியதத்தம் என்று பெயர் வைக்க மாட்டார்கள்.

சண்டை அடுத்த இடத்தில் ஆரம்பிக்கிறது. ஒரே அருள் இரண்டு பேருக்கு வருகிறது, ஒருவன் திரும்புகிறான், மற்றவன் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

கடவுளிடமிருந்துதான் என்றார் பாஞெஸ். எல்லாருக்கும் போதிய அருள் உண்டு, அது மனம் திரும்புவதற்கான சக்தியைத் தருகிறது. ஆனால் உண்மையிலேயே திரும்புவதற்குப் பலன் தரும் அருள் வேண்டும், அது வந்தால் தப்பாமல் நடக்கும். அப்படியென்றால் சுதந்திரம் எங்கே? மரத்தை மரமாகவும் மனிதனை மனிதனாகவும் அசைக்கத் தெரிந்தவர் கடவுள், சுதந்திரமாகச் செய்கிற ஒருவனை அவர் சுதந்திரமாகவே செய்ய வைக்கிறார் என்றார்கள் தோமினிக் சபையார். உட்கார்ந்திருப்பவனை உதாரணம் காட்டுவார்கள். உட்கார்ந்துகொண்டே அவனால் நிற்க முடியாது. அதற்காக எழுந்து நிற்கும் சக்தி அவனிடம் இல்லாமல் போய்விடாது. நியாயமான பதில்தான். ஆனாலும் அந்தப் 'போதிய அருள்' யாரையும் திரும்ப வைத்ததில்லை என்றால் அது எப்படிப் போதியது ஆகும் என்ற கேள்வி நிற்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் 1656இல் எழுதிய கடிதங்களில் இதே இடத்தில்தான் கை வைத்தார். நீங்கள் கேட்டதும் இதுதான்: கொடுக்காதது அவர், தண்டனை இவனுக்கா?

மோலினா வேறு வழி பார்த்தார். நடக்கக்கூடியவை எல்லாம் கடவுளுக்குத் தெரியும். நடக்கப்போகிறவையும் தெரியும். இந்த இரண்டு அறிவுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு என்றார்: ஒரு மனிதனை இன்ன சூழ்நிலையில் நிறுத்தினால், இன்ன அருளைக் கொடுத்தால், அவன் தன் சொந்த விருப்பத்தால் என்ன செய்வான் என்பது. இதற்கு 'நடு அறிவு' என்று பெயர்.

மோலினாவின் பக்கத்தார் இதற்குச் சாமுவேல் முதல் புத்தகத்தின் 23ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். தாவீது கெயிலா ஊரைப் பெலிஸ்தியரிடமிருந்து காப்பாற்றிவிட்டு அங்கேயே தங்கியிருக்கிறார். சவுல் படையோடு வரப்போவதாகத் தகவல். தாவீது கடவுளிடம் கேட்கிறார்: சவுல் வருவானா? வருவான். இந்த ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். உடனே தாவீதும் கூட இருந்த ஏறக்குறைய அறுநூறு பேரும் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். செய்தி தெரிந்ததும் சவுல் வரவே இல்லை. கெயிலாக்காரர்கள் யாரையும் பிடித்துக் கொடுக்கவும் இல்லை. நடக்காத ஒன்று, ஆனால் இன்ன நிலைமை வந்தால் இவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று கடவுளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்திருந்ததால் கெயிலாக்காரர்கள் மேல் எந்தக் கட்டாயமும் விழவில்லை. இந்த அறிவை வைத்துக்கொண்டே கடவுள் உலகத்தை நடத்துகிறார், அருளைக் கொடுக்கிறார், ஏற்பதும் மறுப்பதும் உண்மையிலேயே நம்முடையது என்றார் மோலினா.

பாஞெஸ் விடவில்லை. அப்படியென்றால் கடவுள் மனிதனைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர் ஆகிவிடுகிறாரே, எல்லாவற்றுக்கும் மூலமானவர் யாரிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டார் என்று கேட்டார். அதற்கும் லேசில் பதில் சொல்லிவிட முடியாது. நீங்களும் ஒன்று கேட்கலாம்: என் தம்பி 'சரி' என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு சூழ்நிலை கடவுளுக்குத் தெரியும் என்றால், அதில் அவனை வைத்திருக்கக்கூடாதா? மோலினாவின் வழியில் போனாலும் கடைசியில் அதே சுவரில்தான் போய் முட்டுகிறோம்.

1594இல் வயாதோலித் நகரத்தில் இரண்டு சபையாரும் பொது மேடையிலேயே மோதினார்கள். ஒருவர் மற்றவரை, எல்லாம் கடவுள் முன்குறித்ததே என்ற கால்வினின் ஆள் என்றார், இவர் அவரைப் பெலாஜியுஸின் ஆள் என்றார். பாப்பரசர் எட்டாம் கிளமெந்து வழக்கை ரோமைக்கு எடுத்துக்கொண்டு ஒரு குழுவை அமைத்தார். அவர் முன்னிலையிலும் பிறகு பாப்பரசர் ஐந்தாம் பவுல் முன்னிலையிலும் மட்டும் 85 அமர்வுகள் நடந்தன. மோலினா 1600இல் இறந்துவிட்டார், பாஞெஸ் 1604இல். தீர்ப்பு என்ன என்று இருவருக்குமே தெரியாது. 1607 ஆகஸ்ட் 28, அகுஸ்தினார் திருநாள் அன்று ஐந்தாம் பவுல் முடித்து வைத்தார். இரு தரப்பும் தங்கள் கருத்தைப் போதிக்கலாம், ஒருவரை ஒருவர் கண்டனம் செய்யக்கூடாது, இறுதித் தீர்ப்பு பிறகு வரும் என்றார். நானூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தத் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இதைத் தட்டிக்கழித்த வேலை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அது இன்னும் தெளிவானது. இருபது வருடமாக ராத்திரி ஜெபமாலையில் என்ன கேட்டீர்கள்? "ஆண்டவரே, அவன் மனசை மாத்தும்" என்றுதானே? ஒரு மனிதனின் உள்ளத்துக்குள்ளேயே கை வைத்து அதைத் திருப்பக் கடவுளால் முடியும் என்று நம்பித்தானே கேட்டீர்கள். அது பாஞெஸின் ஜெபம். மறுநாள் காலையில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என்ன சொல்லியிருப்பீர்கள்? "டேய், நீ நெனச்சா விட்டுரலாம்டா" என்று. அது மோலினாவின் பேச்சு. இரண்டையும் மனதாரச் சொன்னீர்கள். ஒன்று பொய் என்று தீர்ப்பு வந்திருந்தால், ஒன்று ஜெபத்தை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லை தம்பியிடம் பேசுவதை நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டையும் செய்கிற அக்காக்களும் அம்மாக்களும் சரியாகத்தான் செய்கிறார்கள் என்றே அந்த 1607ஆம் வருட முடிவை நான் படிக்கிறேன்.

திருச்சபை திறந்து விட்டது இந்த ஒரு கேள்வியை மட்டும்தான். பக்கத்துக் கதவுகளை நன்றாகவே சாத்தியிருக்கிறது. யான்சென் என்ற ஆயரின் புத்தகம் அவர் இறந்த பிறகு 1640இல் வந்து பிரான்சைக் கலக்கியது. அதையொட்டிப் பாப்பரசர் பத்தாம் இன்னொசெந்து 1653இல் ஐந்து கருத்துகளைக் கண்டித்தார். கிறிஸ்து எல்லா மனிதருக்காகவும் இரத்தம் சிந்தினார் என்று சொல்வது தவறு என்பது அவற்றில் கடைசி. முன்குறிக்கப்பட்டவர்களுக்காக மட்டும்தான் அவர் இறந்தார் என்று அதற்குப் பொருள் கொண்டால் அது பேதகம், அதாவது விசுவாசத்துக்கு முரணான போதனை, என்று தீர்ப்பானது. ஆகவே உங்கள் தம்பிக்காகவும்தான் சிலுவையில் தொங்கினார். எந்தக் கட்சி இறையியலாளராலும் இதை மறுக்க முடியாது.

இந்தப் பயத்தில் நீங்கள் தனியாகவும் இல்லை. 1586இல் பாரிசில் இயேசு சபைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு, தான் நரகத்துக்கென்று குறிக்கப்பட்டவன் என்ற எண்ணம் வந்து பிடித்துக்கொண்டது. வயது பத்தொன்பது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, உடம்பு வற்றிப்போனது. சுமார் ஆறு வாரம் அப்படியே கிடந்தான். ஒருநாள் ஒரு கோயிலுக்குள் போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, நாமும் சொல்கிற "மிகவும் இரக்கமுள்ள தாயே" ஜெபத்தைச் சொன்னான். மறு உலகில் உம்மை நேசிக்க முடியாமல் போனாலும் இந்த உலகில் இருக்கும்வரை நேசிக்கிறேன் என்று ஒப்புக்கொடுத்தான். எழுந்தபோது பயம் போயிருந்தது. அவர்தான் பிற்பாடு புனிதரான பிரான்சிஸ் சலேசியார். கேள்விக்கு விடை கிடைத்ததால் அவர் எழுந்து வரவில்லை, அதைக் கவனியுங்கள்.

அப்புறம், உங்கள் தம்பி சொன்ன அந்தச் சொல். "நாளைக்கு வரச் சொல்லுக்கா." உங்கள் காதில் அது மறுப்பாக விழுந்திருக்கிறது. நான் நாலைந்து முறை படித்துப் பார்த்தேன். 'வேண்டாம்' என்று அவன் சொல்லவில்லை. அருளின் ஆசான் என்று இரு தரப்பும் வணங்கிய அகுஸ்தினார் இளம் வயதில் வேண்டிக்கொண்டது என்ன? எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம். அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த 'இப்போதே வேண்டாம்' சொன்னவரைக் கடவுள் வருடக்கணக்காகத் துரத்திக்கொண்டு போனார். உங்கள் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததற்கும் நான்கு மணிக்கும் நடுவில் ஒரு முழு இரவு இருந்திருக்கிறது. அதில் அவனுக்கும் கடவுளுக்கும் நடுவே என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஜெபமாலை எதற்கு என்று கேட்டீர்களே. கடவுளுக்கு எல்லாக் காலமும் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கிறது, தம் நித்திய திட்டத்தை வகுக்கும்போதே ஒவ்வொருவரும் அருளுக்குத் தரும் சுதந்திரமான பதிலையும் அதில் சேர்த்துக்கொள்கிறார் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 600ஆம் எண்ணில் சொல்கிறது. அப்படியானால் நீங்கள் இன்று ராத்திரி சொல்கிற ஜெபமும் அந்த இரவிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. ஆண்டு நினைவுப் பூசைக்குப் பணம் கட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பூசையில் அவன் இளைப்பாற்றிக்காக மட்டும் வேண்டாதீர்கள். விளக்கை அணைத்த நேரத்திலிருந்து விடிகாலை நான்கு மணி வரைக்கும், அந்த இரவுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். நானும் அன்றைக்கு உங்களோடு சேர்ந்து வேண்டிக்கொள்கிறேன். தேதியை மட்டும் எழுதுங்கள்.