மடிப்பு ஏன் தகரமாகிறது?

அன்பின் சேருக்கு,

மண்ணிறத் தாளில் கரியும் வெள்ளைக் கொன்டேக் குச்சியும் வைத்துத் துணி மடிப்பு வரைந்து பழகுகிறேன். வீட்டில் தறி இருப்பதால் துணிக்குக் குறைவில்லை. புதுச் சாறன் ஒன்றை ஆணியில் கொழுவி, வடக்கு யன்னலோரம் வைத்து வரைந்தேன். மடிப்பெல்லாம் தகரம் மாதிரி வருகிறது. வெள்ளை, நீலம் பாய்ந்த சாம்பலாகிறது. திருத்தலாம் என்று மேலே கரி போட்டால் வழுக்கிக்கொண்டு போகிறது. எங்கே பிழை?

– வாசகி, மருதமுனை

அன்பின் சகோதரிக்கு,

பிழை கையில் இல்லை. தாளைச் சும்மா இருக்க விடாததுதான் பிழை.

நடுத்தொனியை, அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நிறத்தை, தாளே தந்துவிடும் என்பதற்காகத்தான் நிறத்தாளை எடுக்கிறோம். வெளிச்சம் விழும் முகட்டுக்கும் நிழல் தொடங்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள அகலமான பரப்பு வெறும் தாளாகவே கிடக்க வேண்டும். வெள்ளைத்தாளில் பழகிய கைக்கு அந்த வெறுமை பொறுக்காது. ஒரு பக்கமிருந்து வெள்ளையையும் மறுபக்கமிருந்து கரியையும் இழுத்துவந்து முட்டவிடும். கரியோடு குழைந்த வெள்ளை எப்போதும் குளிர்ந்த நீலச்சாம்பல்தான். அதையும் விரலால் மழமழவென்று தேய்த்தால் தகரம் வந்துவிடும். ஒடுங்கிய மடிப்பிலும் இரண்டுக்கும் நடுவே ஓர் அரிசி அகலமாவது தாள் தெரியட்டும். பட்டுக்கு மட்டும் விலக்கு: அதில் பளிச்சென்ற கோடு கருநிழலை ஒட்டியே நிற்கும். அங்கேயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தேய்க்க வேண்டாம்.

வழுக்குவதற்குக் காரணம் வேறு. 1795இல் நிக்கொலா ஜாக் கொன்டே, போரினால் பிரான்சுக்குப் பென்சில் செய்யும் இங்கிலாந்துக் காரீயம் வராமல் போனபோது, காரீயத்தூளைக் களிமண்ணோடு குழைத்துச் சுட்டார். அந்த வழியில் வந்த குச்சிதான் உங்கள் கொன்டே. களிமண் சேர்ந்ததால் இறுக்கமானது. தாளின் சொரசொரப்பை அடைத்துவிடும். அடைந்த இடத்தில் கரி பிடிக்காது, வெள்ளை முழுதாக அழியவும் மாட்டாது. ஆகவே வெள்ளை கடைசி. முதலில் சுள்ளிக்கரியால் பெரிய வடிவங்கள். பிழைத்தால் பழந்துணியால் தட்டிவிடலாம். பிறகு நிழல் முழுவதையும் ஒரே தொனியில் நிரப்புங்கள். அதற்குப் பிறகுதான் அழுத்தக்கரி (கரித்தூளை அழுத்திச் செய்த குச்சி), அதுவும் சில இடங்களில் மட்டும். அழிக்க, பாணின் வெள்ளைச் சதையை உருட்டி ஒற்றினால் போதும். பட்டர் படாத பாண்!

கொன்டேயை முனையால் கீறாதீர்கள். 2, 3 சென்ரிமீற்றர் துண்டாக முறித்துப் படுக்க வைத்து, ஒரு விளிம்பை மட்டும் அழுத்தி இழுங்கள். அழுத்திய பக்கம் கூராகவும் மறுபக்கம் தானாகக் கரைந்தும் வரும். மடிப்பின் முகட்டுக்கு வேண்டியது அதுதான். கரித்துண்டையும் இப்படியே பிடிக்கலாம்.

எதை வரைகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். துணி எங்கே தொங்குகிறதோ அங்கிருந்துதான் மடிப்புகள் புறப்படும். ஓர் ஆணியென்றால் விசிறியாக விரியும். இரண்டு ஆணியென்றால் நடுவில் தொட்டில் தொட்டிலாக இறங்கும். கண்ணைப் பாதி மூடி நிழல் வடிவங்களை மட்டும் பிடியுங்கள். ஒரு மடிப்பு திசை மாறி முறியும் மூலையில் ஒரு சின்னக் குழி இருக்கும். படத்தின் ஆகக் கருமையான புள்ளி அங்கே விழ வேண்டும். நிழலுக்குள் தெறிக்கும் வெளிச்சம் எவ்வளவு மினுங்கினாலும் தாளின் தொனியை விடக் கருமையாகவே இருக்கட்டும். அதை வெள்ளையால் தொட்டால் மடிப்பு குழாயாகிவிடும். மடிப்பு பக்கத்துத் துணியில் விழுத்தும் நிழலின் ஓரம் மடிப்பருகே கூர், தள்ளிப்போகப் போக மங்கல்.

புதுச் சாறன் நல்ல தெரிவல்ல. நெய்யுமுன் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்கும்வரை துணி விறைத்து, மூலை மூலையாக முறியும். தகரத் தோற்றத்தில் பாதி அதனுடையது. மூன்று நான்கு தரம் துவைத்த, கோடோ கட்டமோ இல்லாத வெளிர்நிறத் துணியை எடுங்கள். கட்டத் துணி பிறகு வரலாம். அப்போது கட்டக்கோடுகள் மடிப்பின் மேல் ஏறி இறங்குவதே பாதி வேலையை முடித்துவிடும்.

வடக்கு யன்னல் ஐரோப்பியப் புத்தகத்துப் புத்தி. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஏப்ரல் இரண்டாம் கிழமையிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நடுப்பகல் வெயிலே வடக்கில்தான். காலை மாலையில் வெயில் சரிந்து உள்ளே வந்துவிடும், நிழல் அரை மணியில் இடம் மாறும். யன்னலைச் சாத்திவிட்டு ஒரேயொரு விளக்கை, துணிக்கு ஒரு மீற்றர் தள்ளி, பக்கவாட்டில் சற்று உயரத்தில் வையுங்கள். அறையின் மற்ற விளக்குகள் அணைந்திருக்கட்டும்.

வியர்வைக் கையைத் தாளில் ஊன்ற வேண்டாம். பட்ட இடம் திட்டாகக் கறுக்கும். கைக்குக் கீழே ஒரு தாள் போடுங்கள். கரி உதிராமல் பிடிக்கும் பிக்ஸேட்டிவ் தெளிப்பானை அடிப்பதானால், கரி முடிந்ததும் வெள்ளைக்கு முன்னால், ஒரு முழம் தள்ளி மெல்லியதாக இரண்டு மூன்று தரம். வெள்ளையின் மேல் அடித்தால் பாதி மங்கிப்போகும். மாரியில் தாள் ஈரம் குடித்துச் சொதசொதவென்று இருந்தால் அன்றைக்கு வரையாதீர்கள். முடித்த படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்துத் தட்டையாகவே அடுக்குங்கள். சுருட்டினால் வெள்ளை உதிரும்.