வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசினால் பிள்ளைக்கு ஆங்கிலம் சீக்கிரம் வருமா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம், மகள் மூன்றாம் வகுப்பு, வீட்டில் தமிழைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைக்கவே வேண்டாம்.

ஒரு மொழியில் வாசிப்பு ஊன்றிவிட்டால் அடுத்த மொழிக்கும் அது கைகொடுக்கும் என்று கனடாவின் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே எழுதினார். தமிழ்க் கதை வாசிக்கும்போது அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பழகிய பிள்ளை, ஆங்கிலப் பாடத்திலும் அதையே செய்யும். நாம் தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் வளராது. விருந்தாளிகளுக்கு முன்னால் பிள்ளை நாலு வசனம் ஒப்பிக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் தமிழ், பஸ் கண்டக்டரோடு சிங்களம் என்று மாறிப் பேசுவது மலையகப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மூன்றாவது மொழி பாரமாகாது. குறை வேறு இடத்தில்: பாடவேளை முடிந்ததும் ஆங்கிலமும் முடிந்துவிடுகிறது. பிஸ்கட் பெட்டியில் மூன்று மொழியும் இருந்தால் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். "நான் சோறு சாப்பிட்டேன்", "ஐ ஏட் ரைஸ்" இரண்டையும் எழுதி, வினைச்சொல் எங்கே நிற்கிறது என்று காட்டுங்கள். பிள்ளைகள் சறுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.